பயண நோக்கம்: சும்மா

பத்தொன்பது வருடம் பேருந்தில் விசில் ஊதிய ஒரு பெண்ணுக்கு அலுவலகத்தில் வேறு என்ன பெயர் வைத்துவிடப் போகிறார்கள்? விசில் என்றே வைத்தார்கள். சின்னவர்கள் விசில் அக்கா என்றார்கள், பெரியவர்கள் வெறும் விசில் என்றார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரை என்று அவளே ஒரு விநாடி திரும்பிப் பார்ப்பாள்.

அந்த விசிலுக்கு முடிவு கட்டியது ஒரு அட்டை. ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. சீட்டும் வேண்டாம், சில்லறையும் வேண்டாம், "உள்ள போங்க, நடுவுல நாற்காலி போட்டு மீட்டிங்கே நடத்தலாம், அவ்வளவு எடம் இருக்கு" என்று கத்த ஒரு ஆளும் வேண்டாம். நடத்துநர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பேச்சு நன்றாக வருகிற பன்னிரண்டு பேரை மட்டும் தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். ஒரு வருடம் தற்காலிகம். பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை. ஒழுகும் ஏ.சி.க்குக் கீழே ஒரு வாளி. சுவர் முழுக்க ஒரு திரை, அதில் ஊரின் வரைபடம், வரைபடத்தில் பச்சைப் புழுக்களாக ஊர்ந்துகொண்டிருக்கும் பேருந்துகள். அட்டை, கைப்பேசி, சிக்னல் கேமரா எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து, யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று கவனித்து, அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே வேண்டிய சேவையைச் செய்துகொடுக்கும் ஏற்பாடு அது. அதற்கு வாய் வலிக்கும் அளவுக்கு நீளமான பெயர் உண்டு. அறையில் எல்லோரும் மூளை என்று சுருக்கிவிட்டார்கள். "மூளை இன்னிக்கு வேலை செய்யல", "யார் மூளையை ஆஃப் பண்ணது?" என்றெல்லாம் அங்கே சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள்தான் முகம் சிவப்பார்கள்.

மூளைக்கு எங்கே என்பது தெரியும், எப்போது என்பது தெரியும். ஏன் என்பது மட்டும் தெரியாது. அதற்குத்தான் இந்தப் பன்னிரண்டு பேர். முந்தைய நாள் பயணம் செய்தவர்களில் சிலரை மூளை பொறுக்கிக் கொடுக்கும். இவர்கள் கூப்பிட்டு "உங்கள் பயணத்தின் நோக்கம் என்ன?" என்று கேட்டு, பதிலுக்கு ஏற்ற கட்டத்தை அழுத்த வேண்டும். ஒன்று வேலை, இரண்டு படிப்பு, மூன்று மருத்துவம், நான்கு கடை என்று போய், பன்னிரண்டில் 'மற்றவை' என்று முடியும்.

விசிலுக்கு இது பழகிய வேலைதான். 'எங்க போகணும்?' என்று கேட்ட வாய் இப்போது 'எதுக்குப் போனீங்க?' என்று கேட்கிறது, அவ்வளவே. முதல் வாரமே ஒரு பூட்டுக்கடைக்காரர் அந்த நினைப்பைக் கலைத்தார்.

"வணக்கம், போக்குவரத்துத் துறையிலேருந்து பேசறோம். அழைப்பு பதிவாகுது. நேத்து காலையில பதினொன்னு அஞ்சுக்குப் பதினாலாம் நம்பர் பஸ்ல ஏறி, பதினொன்னு நாப்பதுக்குக் கடைசி ஸ்டாப்புல எறங்கி, அதே பஸ்ல பதினொன்னு அம்பத்திரண்டுக்குத் திரும்ப ஏறியிருக்கீங்க."

"நான் எறங்கவே இல்லம்மா. டிரைவர் தட்டச் சொன்னாரு, தட்டினேன்."

"சரிங்க. பயணத்தோட நோக்கம் என்னங்க?"

"என்னது?"

"எதுக்குப் போனீங்க?"

"சும்மாதான்."

விசில் கட்டங்களை மேலிருந்து கீழே பார்த்தாள். "சும்மான்னா, யாரையாவது பாக்கவா?"

"இல்லம்மா."

"கடைக்கா?"

"அங்க ஏது கடை? ஒரு பஞ்சர் கடை இருக்கு. எங்கிட்ட வண்டியே கெடையாது."

"காத்து வாங்கவா?"

"அதெல்லாம் இல்லம்மா, சும்மா. நான் பூட்டுக்கடை வெச்சிருக்கேன். பதினொன்னு மணிக்கு எவனும் சாவியத் தொலைக்கறதில்ல. காலையில அவசரத்துல தொலைப்பான், இல்லேன்னா சாயங்காலம் வீட்டு வாசல்ல நின்னுட்டுத் தேடுவான். நடுவுல சும்மா ஒரு சுத்து."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் கட்டம் இல்லை. ஒன்பதாவது 'பொழுதுபோக்கு' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் "எந்த இடம்? திரையரங்கா, பூங்காவா, விளையாட்டு மைதானமா?" என்று கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் விடாது. பதினான்காம் எண்ணின் கடைசி நிறுத்தத்தில் பேருந்து திரும்ப ஒரு வட்டம், அந்தப் பஞ்சர் கடை, வெள்ளையடிக்காத ஒரு நீளச் சுவர், இவ்வளவுதான் உண்டு. பன்னிரண்டாவது 'மற்றவை'யை அழுத்தினால் விளக்கம் கேட்டது. விசில் 'சும்மா' என்று தட்டினாள். 'குறைந்தது இருபது எழுத்து' என்றது கணினி.

இருபது எழுத்துக்கு எங்கே போவது? யோசித்தாள். சும்மா சும்மா சும்மா என்று அடித்தாள். புள்ளி, கால், கொக்கி, இடைவெளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிற கணினிக்கு மூன்று சும்மா சரியாக இருபது. வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது.

மாதக் கடைசியில்தான் தெரிந்தது, பன்னிரண்டாம் கட்டத்தில் போட்டதெல்லாம் 'தெளிவற்ற பதில்' என்ற கணக்கில் சேரும் என்று. அதைச் சொன்னது மேற்பார்வையாளர். இருபத்தைந்து வயதுப் பெண். வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் என்று கேள்வி. எதைச் சொன்னாலும் சதவீதத்தில் சொல்வாள். அதனால் அவளுக்குப் பட்டப்பெயர் சதவீதம். அது அவளுக்கும் தெரியும்.

"அக்கா, உங்க தெளிவு அறுபத்தோரு சதவீதம்."

"சனங்க தெளிவாத்தான் சொல்றாங்க மேடம். கட்டத்துக்குத்தான் காது கேக்கல."

"காரணமே இல்லாம யாராவது பஸ் ஏறுவாங்களாக்கா? உள்ளுக்குள்ள ஒரு நோக்கம் இருக்கும். நீங்கதான் தோண்டணும்."

"நான் கண்டக்டர் மேடம். கெணறு வெட்டத் தெரியாது."

பக்கத்து மேசைகளில் இருமல் போலச் சிரிப்பு கேட்டது. சதவீதமும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தொண்ணூறு வந்தாத்தான் வருஷக் கடைசியில உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுத முடியும். விளையாட்டு இல்லக்கா."

விளையாட்டு இல்லைதான். விசிலின் வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். அவள் கணவர் ஒரு கிடங்கின் வாசலில் இருபத்தாறு வருடம் காவலாளியாக இருந்தவர். உள்ளே போகிற வண்டி, வெளியே வருகிற வண்டி, மணி, நிமிடம் என்று நோட்டில் எழுதுவார். போன வருடம் வண்டி எண்ணைத் தானே படித்துத் தானே திறக்கிற கதவு வந்தது. கதவு அவருக்கும் ஒரு முறை திறந்தது, வெளியே போக. அதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. குழாய்க்காரன் வருவான் என்று நாள் முழுக்கக் காத்திருப்பதே அவர் வேலை. மாலையில் விசில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவார்: "இன்னிக்கும் வரல. நகராம உக்காந்திருந்தேன்."

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூளை பொறுக்கிக் கொடுத்த எண் திரையில் வந்தது. விசில் அதை இரண்டு முறை படித்தாள். அந்த எண்ணை அவள்தான் கடையில் நின்று வாங்கிக் கொடுத்திருந்தாள். திரையில் வந்த அழைப்பைத் தள்ளிவிட முடியாது, மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"ஹலோ, யாருங்க?"

"வணக்கம், போக்குவரத்துத் துறையிலேருந்து பேசறோம். அழைப்பு பதிவாகுது. நேத்து காலையில பதினொன்னு அஞ்சுக்குப் பதினாலாம் நம்பர் பஸ்ல ஏறியிருக்கீங்க."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "ஏய்… நீயா?"

"அழைப்பு பதிவாகுதுங்க ஐயா."

"வெளையாடாத. என்ன, ஏதாவது வாங்கி வெக்கணுமா?"

"இந்த மாசம் இருபத்திரண்டு நாள் இதே பஸ்ல போயிருக்கீங்க ஐயா."

"இருபத்திரண்டா? எண்ணிட்டா இருக்காங்க!"

"அந்த இருபத்திரண்டு நாளும் குழாய்க்காரருக்காக நகராம உக்காந்திருந்ததா உங்க வீட்டம்மா நெனச்சிட்டிருக்காங்களாம் ஐயா."

"அதுவும் உங்க படிவத்துல இருக்கா?"

"இல்லீங்க ஐயா, அது தனி. பயணத்தோட நோக்கம் சொல்லுங்க."

அவர் தொண்டையைக் கனைத்தார். வண்டியில் ஏற்றிய சரக்குக்குச் சீட்டு இல்லை என்று பிடிபட்ட ஓட்டுநர்கள் அவர் முன்னால் எத்தனை முறை அப்படிக் கனைத்திருப்பார்கள்!

"சும்மாதாம்மா," என்றார்.

விசிலின் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. கட்டியவரின் பதிலைத் தெளிவற்றது என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அது வீட்டு மானப் பிரச்சினை. தற்செயலாகக் கண்ணில் பட்டது மூன்றாம் கட்டம். அழுத்தினாள். எந்த இடம் என்று கேட்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை. ஒருவருடைய நோயைப் பற்றித் துருவக் கூடாது என்பது சட்டமாம். ஆகவே மருத்துவத்துக்கு மட்டும் துணைக்கேள்வியே கிடையாது. திரையில் பச்சை நிறத்தில் வந்தது: 'நன்றி. தெளிவான பதில்.'

அடடா என்றிருந்தது விசிலுக்கு.

அடுத்து வந்த சும்மா மூன்றில் போனது. அதற்கடுத்ததும் போனது. சும்மா இருக்க முடியாமல் சும்மா போகிறார்கள், அதுவும் ஒரு வகை வியாதிதானே என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அவள் தெளிவு தொண்ணூற்று நான்கு சதவீதம். "நல்லாத் தோண்டறீங்கக்கா," என்றாள் மேற்பார்வையாளர். விசில் அடக்கமாகத் தலைகுனிந்தாள். அடக்கம் பாதி, பயம் பாதி.

மூளை சும்மா இருக்குமா? பதினான்காம் எண்ணில் பதினோரு மணிக்கு ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் என்று கண்டுபிடித்தது. அவர்கள் கேட்பதற்கு முன்பே சேவையில் இறங்கியது. முதலில் பேருந்தில் ஒரு குரல் வந்தது: "மெதுவாக இறங்கவும். உங்கள் உடல்நலமே எங்கள் அக்கறை." பிறகு முன்னிருக்கைகளுக்கு மெத்தை வந்தது. பிறகு ஓட்டுநருக்குப் பள்ளத்தில் குலுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஊரில் பள்ளமில்லாத இடம் இருந்தால்தானே? அவர் மாட்டு வண்டி வேகத்தில் போனார். கடைசியாக, வெள்ளையடிக்காத சுவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. வேனுக்குள் ஒரு நர்ஸ், ஒரு நாற்காலி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி.

விசிலுக்கு இந்தச் செய்திகள் எல்லாம் கணவர் வாயாலேயே வந்தன. அந்தத் தொலைபேசிக்குப் பிறகு குழாய்க்காரன் கதையை அவர் விட்டிருந்தார். அவளும் நோண்டவில்லை. மாலையில் அவர் பேருந்துச் செய்தி வாசிப்பார், அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்குப் பூட்டுக்கடைக்காரருக்கு ரெண்டு தடவை பிரஷர் பாத்தாங்க. மொதத் தடவை நர்ஸம்மாவ சிரிக்க வெச்சாராம், கணக்கு தப்பாயிடுச்சாம்."

"உங்களுக்கு?"

"எனக்கும் பாத்தாங்க. சும்மா கைய நீட்டுங்கன்னாங்க. நீட்டினேன்."

எட்டாவது மாதம் மூளை ஒருபடி மேலே போனது. இந்த நோயாளிகள் அத்தனை பேரும் கடைசி நிறுத்தத்தில் சரியாகப் பன்னிரண்டு நிமிடமே இருக்கிறார்கள். தினமும் பன்னிரண்டு நிமிடம் என்றால் அது ஊசியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே பதிவு பெற்ற மருத்துவமனை இல்லையே? அப்படியானால் பதிவு பெறாத மருத்துவர் ஒருவர் இருக்கிறார்! சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பேருந்து அங்கே பன்னிரண்டு நிமிடம் நிற்பது ஓட்டுநர் காலாற இறங்கி முகம் கழுவ என்பது மூளைக்கு யார் சொல்வது?

இரண்டு சுகாதார ஆய்வாளர்கள் போலி மருத்துவரைத் தேடிப் போனார்கள். அங்கே கண்ணில் பட்ட ஒரே ஆள் பஞ்சர் கடைக்காரர். அவர் மேசையில் ஊசி இருந்தது, ரப்பர் குழாய் இருந்தது, பெயர் எழுதாத பாட்டிலில் கலங்கலாக ஏதோ திரவம் இருந்தது. வேறென்ன வேண்டும்? "யாருக்கு இதப் போடுவீங்க?" என்று கேட்டார்களாம். "யார் வந்தாலும் போடுவேன்" என்றாராம் அவர், டயரைப் பற்றி. பாட்டிலை உறையில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

கணவர் இதைச் சொன்னபோது வழக்கமாகச் சிரிக்கிற இடத்தில் சிரிக்கவில்லை. கைப்பேசியை நீட்டினார். 'உங்கள் மருத்துவப் பயணங்கள் அதிகரித்துள்ளன. அடுத்த முறை ஒருவரைத் துணைக்கு அழைத்து வாருங்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி.

"மூணு வாரமா வருது. உங்கிட்ட சொல்லல. எனக்கு என்னவோ இருக்கு," என்றார்.

"என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்? அது மெஷினு. ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் பாக்குது. நான் நடக்கறதுல, ஏறி எறங்கறதுல எதையோ கண்டுபிடிச்சிருக்கு. நேராச் சொன்னா பயந்துடுவேன்னு துணைக்கு ஆளக் கூட்டிட்டு வாங்குது." அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "அதான் உப்பு வேணாம்னேன். நாளைக்கு நான் பஸ்ஸுக்குப் போகல."

கத்தி பாதிக் காயில் நின்றது. உப்பு வேண்டாம் என்று அவர் சொன்னதை வயதாகிற பக்குவம் என்று நினைத்திருந்தாள் விசில்.

"அந்த மெஷினுக்குச் சொன்னது நான்தான்," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கட்டம், சதவீதம், மூன்று, பச்சை எழுத்து. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். குழாய் மட்டும் நடுநடுவே சொட்டியது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"பிரஷர்?"

"அந்த நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

"நார்மல்ன்னாங்க. எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன்." அவர் எழுந்து நின்றார். "மூணு வாரம் உப்பில்லாம தின்னேனேடி! எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? சுவரு மாதிரி இருந்துச்சு!"

"கத்தாதீங்க. நானும்தான தின்னேன்."

கோபம் தணிய ஒரு குவளைத் தண்ணீர் தேவைப்பட்டது. பிறகு அவர் பஞ்சர் கடைக்காரரைப் பற்றிக் கேட்டார். நாளைக்கு அவர் என்னவென்று சொல்வார் என்று கேட்டார்.

"நான் போய் உண்மையச் சொல்லணும். சொன்னா வேலை போயிடும்," என்றாள் விசில்.

"போனா என்ன, பதினொன்னு மணி பஸ்ல ரெண்டு பேராப் போவோம்."

"எதுக்கு?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவளே சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை சதவீதத்தின் மேசை முன் போய் நின்றாள். நானூற்றுப் பதினேழு பேரைத் தான் ஒருத்தியே நோயாளி ஆக்கிய விவரத்தைச் சொல்லி முடித்தாள். அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் அப்போது திறந்திருந்தது 'கண்ணுக்குத் தெரியாத நோயாளிகள்' என்ற தலைப்பில் பெரிய அதிகாரிகளுக்குக் காட்ட அவள் தயாரித்திருந்த பதினெட்டுப் பக்கம். அவள் அதை ஒவ்வொரு பக்கமாகக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். பிறகு மூடினாள். முதலில் சுகாதாரத் துறைக்குத் தொலைபேசி போட்டாள். பஞ்சர் பசையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒரு படித்த பெண் விளக்கிச் சொல்வதைக் கேட்க விசிலுக்குப் பாவமாக இருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்றாள், வைத்துவிட்டு.

"சும்மான்னு ஒரு கட்டம் இருந்திருந்தா பண்ணியிருக்க மாட்டேன் மேடம்."

அவள் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வாங்கிய பட்டத்தில் எந்த ஆண்டில், எந்தப் பாடத்தில் இதற்குப் பதில் இருந்தது என்று தேடுகிறவள்போல இருந்தாள்.

"சரி. பதிமூணாவது கட்டம் போடறேன். ஒரு மாசம் பாப்பேன். அவ்வளவு பேர் நெசமாவே சும்மா போறாங்கன்னா எண்ணிக்கை வரும். வந்தா நீங்க சொன்னது உண்மை, உங்களுக்கு எழுதறேன். வரலேன்னா, மூணுல போட்ட நானூத்திப் பதினேழையும் மேல சொல்லிடுவேன். எனக்கு வேற வழியில்லக்கா."

பதின்மூன்றாம் கட்டம் வந்தது. வேன் போனது. பூட்டுக்கடைக்காரர் நர்ஸுக்கு டாட்டா காட்டினாராம். பேருந்தில் அந்தக் குரலை மட்டும் நிறுத்தத் தெரியவில்லை, அது உடல்நலத்தின்மேல் அக்கறையாகவே இருந்தது.

விதிப்படி இனி எல்லாக் கட்டத்தையும் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். விசில் உற்சாகமாகப் பூட்டுக்கடைக்காரரிடமே தொடங்கினாள்.

"வேலையா, படிப்பா, மருத்துவமா" என்று படித்துக்கொண்டே போய், "இல்ல, சும்மாவா?" என்று முடித்தாள்.

"சும்மாவா?" பூட்டுக்கடைக்காரரின் குரல் ஏறியது. "கடையப் பூட்டிட்டு ஊர் சுத்தறான்னு அரசாங்கத்துல எழுதி வெக்கப் போறீங்களா? எனக்கென்ன வேலவெட்டி இல்லையா?"

"அண்ணே, மொதல்ல நீங்கதான சும்மான்னு சொன்னீங்க?"

"நான் சொன்னா வேற, நீங்க கேட்டா வேற. கடைன்னு போட்டுக்குங்க."

அத்தனை பேரும் அப்படியே. சும்மாவா என்று கேட்டதும் எல்லோருக்கும் ரோஷம் வந்தது. ஒருவர் வங்கி என்றார், ஒருவர் வழக்கு என்றார், ஒரு அம்மாள் தனக்கு அங்கே நிலம் இருக்கிறது என்றாள். காவலாளியாக இருந்த அவள் கணவரே, இன்னொரு மேசையிலிருந்து அழைப்பு போனபோது, "கண்காணிப்புப் பணி" என்றாராம். பத்து நாளில், பன்னிரண்டு மேசைகளிலுமாகச் சேர்த்துப் பதின்மூன்றாம் கட்டத்தில் விழுந்தது ஒன்று. அதுவும் கைதவறி அழுத்தியது.

சதவீதம் அன்று மாலை விசிலின் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"எங்கம்மாகிட்டக் கேட்டுப் பாத்தேன்க்கா. அவங்களும் மத்தியானம் பஸ்ல போவாங்க. சும்மாவாம்மா போறன்னு கேட்டேன். 'உன்னைய அவ்வளவு படிக்க வெச்சது பெத்தவளப் பாத்து இப்படிக் கேக்கவா'ன்னு ரெண்டு நாளாப் பேசல."

"ஐயையோ."

"இன்னும் இருபது நாள் இருக்குக்கா," என்றாள். மிரட்டலாகச் சொன்னாளா, கெஞ்சலாகச் சொன்னாளா என்று விசிலுக்குப் பிடிபடவில்லை.

பதினோராவது நாள் உணவுவேளைக்குச் சற்று முன்னால், நிலம் இருக்கிறது என்று சொன்ன அந்த அம்மாளின் எண்ணே மறுபடி வந்தது. விசிலுக்குத் தொண்டை வறண்டிருந்தது, கட்டங்களைப் படிக்கத் தெம்பில்லை.

"மறுபடி நீயா? என்ன விஷயமாக் கூப்பிட்ட?" என்றாள் அந்த அம்மாள்.

"விஷயமெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றாள் விசில், யோசிக்காமல். "சும்மாதான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்படியா? நல்லதாப் போச்சு. இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி வந்தேன். நானும் சும்மாதான் போனேன், சன்னலோரம் கெடச்சுது. நீ சாப்டியா?"

விசில் பதின்மூன்றை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் நோக்கம் கேட்கவில்லை. வணக்கம் சொல்வாள், பதிவாகிறது என்று சொல்வாள், சும்மாதான் கூப்பிட்டேன் என்பாள். மீதியை அவர்களே சொன்னார்கள். வேலைக்குப் போனவர்கள் வேலைக்கு என்றார்கள், மருத்துவமனைக்குப் போனவர்கள் எந்த மாடி, எந்த டாக்டர் என்பதுவரை சொன்னார்கள். சும்மா போனவர்கள் சும்மா என்றார்கள். பூட்டுக்கடைக்காரர் பதினைந்து நிமிடம் பேசினார்.

மாதக் கடைசி நாள் சதவீதம் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து கிட்டே போன பிறகுதான், கேட்டுக்கொண்டிருந்தது பூட்டுக்கடைக்காரரின் பதினைந்து நிமிடம் என்று தெரிந்தது.

"பதிமூணுல உங்களோடது மட்டும் முன்னூத்திப் பன்னிரண்டு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மத்த பதினோரு மேசையும் சேந்து நாலு. அதுல ஒண்ணு கைதவறி."

"அப்ப எழுதுவீங்களா மேடம்?"

"எழுதலாம். ஆனா நீங்க கேள்வியே கேக்கல. இந்தப் பரிந்துரைப் படிவத்துல 'பணியாளர் கையாண்ட முறை'ன்னு ஒரு எடம் இருக்கு. அதுல என்னன்னு போடறது?"

சன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று புறப்படும் சத்தம் கேட்டது.

சதவீதம் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் 'சும்மா' என்று அடித்து அனுப்பினாள். திரை சிவந்தது: 'குறைந்தது இருபது எழுத்து.'

அவள் திரும்பி விசிலைப் பார்த்தாள். விசில் மூன்று விரலைக் காட்டினாள்.

சும்மா சும்மா சும்மா என்று அடித்தாள் சதவீதம். கணினி வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. பச்சை எழுத்து வந்தது. பழக்க தோஷம், விசிலின் நாக்கு தானாக மடிந்தது. அந்த நீள அறையில் பன்னிரண்டு மேசையும் திரும்பிப் பார்க்க இரண்டு விசில் அடித்தாள்.

போலாம் ரைட் என்று அர்த்தம்.